பச்சிளம் குழந்தைக்குப் பிளேட்லெட் குறைந்தால்

கோலாலம்பூரில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் சிறு அணு) என்றாலே டெங்கிதான் நினைவுக்கு வரும். செந்தூலில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பிரிக்பீல்ட்ஸ் சொந்தங்கள் வரை "எண்ணிக்கை எவ்வளவு?" என்று கேட்பார்கள், பப்பாளி இலைச்சாறும் வந்துவிடும். (பிறந்த குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது.) பச்சிளம் குழந்தை விஷயத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. எப்போது குறைந்தது என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150,000க்குக் கீழே போனால் குறைவு, 50,000க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. பிறந்த 72 மணி நேரத்துக்குள் குறைந்தால் காரணம் பெரும்பாலும் கருப்பையிலேயே இருக்கும். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி, நஞ்சுக்கொடி வழியே போதிய ஆக்சிஜன் போகாதபோது, சிசுவின் எலும்பு மஜ்ஜையில் பிளேட்லெட் உற்பத்தி மந்தமாகிவிடும். கிளினிக் கேசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கர்ப்பிணியின் பிங்க் புத்தகத்தில் எழுதித் தரும் பிரஷர் கணக்கு குழந்தைக்கும் சேர்த்துத்தான். இந்த வகை பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானாகவே சரியாகிவிடும். பிரசவ நேரத்தில் தாய்க்கு டெங்கி இருந்தால் கிருமி குழந்தைக்கும் தொற்றி, முதல் சில நாட்களில் காய்ச்சலோடு எண்ணிக்கை இறங்கலாம்.

மூன்று நாளுக்குப் பிறகு திடீரெனச் சரிந்தால் கதை வேறு. ரத்தத்தில் கிருமித்தொற்றா, குடல் அழற்சியா என்று மருத்துவர்கள் உடனே தேடுவார்கள். குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியானால் பிளேட்லெட் ஏற்றிவிட்டால் போதாதா? 34 வாரத்துக்கு முன் பிறந்த 660 குழந்தைகளிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. 25,000க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்த குழுவில் 19 சதவீதக் குழந்தைகளுக்கு மரணமோ பெரிய ரத்தக்கசிவோ நேர்ந்தது. 50,000க்குக் கீழே வந்ததுமே ஏற்றிய குழுவில் அது 26 சதவீதம்! பச்சிளம் குழந்தையின் பிளேட்லெட் இயல்பிலேயே மந்தமானது. ரத்தத்தை உறையவைக்கும் மற்ற கூறுகள் அதை ஈடுகட்டுகின்றன. தானம் தரும் பெரியவர்களின் வேகமான பிளேட்லெட்டைக் கலப்பது அந்தச் சமநிலையைக் குலைக்கலாம் என்பது ஒரு விளக்கம். மூளையில் கசிவு வருவதை எண்ணிக்கையைவிட, எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது.

நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு எண்ணிக்கை மிகக் குறைந்தால், அப்பா வழியில் வந்த அடையாளத்தைத் தாங்கிய குழந்தையின் பிளேட்லெட்டைத் தாயின் எதிர்ப்பணுக்கள் தாக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் பிள்ளையிலேயே இது வரலாம், பிறக்கும் முன்பே மூளையில் ரத்தம் கசியலாம். அடுத்த கர்ப்பத்தில் இன்னும் கடுமையாகலாம் என்பதால், முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும். தாய்க்கு இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பணுப் புரதம்) ஏற்றும் சிகிச்சை இருக்கிறது.