ஆஃப்-சைக்கிள் தேர்தல்: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

போன மாதம் அப்பாவுடன் போனில் பேசும்போது, இங்கே நியூ ஜெர்சியில் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குத் தனியாகத் தேர்தல் நடக்கும் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் "ஆஃப் சைக்கிள் எலெக்‌ஷன்" என்று சொல்லிவிட்டேன். தென்காசியிலிருந்து உடனே கேள்வி வந்தது: "ஏல, அரை சைக்கிளுக்கும் ஓட்டுக்கும் என்னல சம்பந்தம்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, கடைத்தெருவில் குரங்குப்பெடல் போட்டு நான் ஓட்டிப் பழகிய குட்டி சைக்கிளைத்தான் அவர் நினைத்திருப்பார். பாதி என்ற ஆங்கிலச் சொல்லும் விலகிய என்ற ஆங்கிலச் சொல்லும் நம் வாயில் ஒரே 'ஆஃப்' ஆகிவிடுவதால், கேட்கிறவருக்குப் பொருள் கிடைக்க வழியே இல்லை. அன்றைக்கே இதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடவேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் பொருள். அமெரிக்காவில் பொதுத்தேர்தல் நாள் என்பது நவம்பர் மாதம் முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாய். 1845-ல் ஜனாதிபதி தேர்தலுக்காகச் சட்டம் போட்டு வைத்த நாள் அது, பிறகு மற்ற பெரிய தேர்தல்களும் அதே நாளில் வந்து சேர்ந்தன. இந்த நாளை விட்டு வேறொரு நாளில், வேண்டுமென்றே தள்ளி வைத்து நடத்தும் தேர்தலைத்தான் ஆஃப்-சைக்கிள் என்கிறார்கள். அதிகம் அகப்படுவது பள்ளி வாரியத் தேர்தல். நியூயார்க் மாநிலத்தில் பெரிய நகரங்கள் நீங்கலாக மற்ற ஊர்களில் மே மாதம் மூன்றாவது செவ்வாய். டெக்சஸில் பல ஊர்களில் மே முதல் சனி. நியூ ஜெர்சியில் 2011 வரை வழக்கமாக ஏப்ரல் மூன்றாவது செவ்வாய்.

பள்ளி வாரியம் என்றதும் சிபிஎஸ்இ மாதிரி பரீட்சை நடத்தும் போர்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஊரின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு இது, தலைமை அதிகாரியை நியமிப்பதும் பட்ஜெட் போடுவதும் இவர்கள் வேலை. நியூ ஜெர்சியில் வீட்டுக்காரர்கள் கட்டும் சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பெற்றோரே. இங்கே அப்படியில்லை, பள்ளியில் பிள்ளை இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? 'சைக்கிள்' கிரேக்கத்தின் 'கூக்ளோஸ்' என்ற சொல்லிலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, வட்டம், சக்கரம் என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'சக்ர'வும் இதே வேரில் பிறந்ததுதான், ஆங்கிலத்தில் சக்கரத்தைக் குறிக்கும் 'வீல்' என்ற சொல்லும் அப்படியே. ஆக நாம் சக்கரம் என்று சொல்லும்போதும் சைக்கிள் என்று சொல்லும்போதும் ஒரே பழைய சொல்லின் இரண்டு பேரப்பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறோம். வட்டத்திலிருந்து 'திரும்பத் திரும்ப வருவது' என்ற பொருள் கிளைத்தது, அதிலிருந்து தேர்தல் சுற்று. 'ஆஃப்' என்பது விலகி, தள்ளி. இந்த 'ஆஃப்' நமக்குப் புதிதில்லை, குற்றாலத்துக்காரர்களிடம் ஆஃப் சீசன் என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். கூட்டம் இருக்காது, வந்த நாலு பேருக்கு அருவி முழுக்கச் சொந்தம். ஆஃப்-சைக்கிள் தேர்தலிலும் அதேதான் நடக்கிறது. வருகிற நாலு பேருக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொந்தமாகிவிடுகிறது.

2012-க்கு முந்தைய ஒரு ஏப்ரல் மாலையில் ஓட்டுப் போடப் போனேன், குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு அதுதான் முதல் பள்ளித் தேர்தல். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு மேசை, ஒரு எந்திரம், வாக்காளர் பெயர்கள் அச்சடித்த தடித்த புத்தகம். மேசையில் இருந்த அம்மாள் என் பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், அந்தப் பக்கங்களில் கையெழுத்துக்கு விட்டிருந்த கட்டங்கள் வரிசையாக வெள்ளையாகவே கிடந்தன. என் பக்கத்தில் என்னுடைய கையெழுத்து மட்டும்தான். எங்கள் தெருவில் அன்றைக்கு மூன்று பேரைக் கேட்டேன், தேர்தல் என்றே அவர்களுக்குத் தெரியாது, மூன்று பேருக்கும் அதே பள்ளியில் பிள்ளைகள் படித்தார்கள். அதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படித் தள்ளி வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க நகரங்களில் கட்சித் தலைவர்களின் பிடி கெட்டியாக இருந்தது. ஜனாதிபதி அலையில் உள்ளூர்ப் பதவிகளும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும். உள்ளூர்த் தேர்தலுக்குத் தனி நாள் வைத்தால் மக்கள் உள்ளூர் விஷயத்தை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுவார்கள் என்று சீர்திருத்தக்காரர்கள் நம்பினார்கள். ஆனால் மக்கள் வரவில்லை. கூட்டம் குறைந்த இடத்தில், ஆள் திரட்டத் தெரிந்த அமைப்புகளின் ஓட்டுக்கு எடை கூடிவிடும். சாரா ஆன்சியா என்ற அரசியல் ஆய்வாளர் இதைப் பல ஊர்களின் தரவை வைத்துக் காட்டியிருக்கிறார். ஆசிரியர் சங்கமோ வரி எதிர்ப்பாளர்களோ, யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், தேதியைத் தெரிந்து வைத்திருப்பவர் கை ஓங்கும்.

இனி தமிழ்ச் சொல். இதில்தான் எனக்கு அதிக நாள் போனது.

'இடைத்தேர்தல்' என்று எழுதினால் தப்பு. ஒரு இடம் காலியானால் நடப்பது அது. 'இடைக்காலத் தேர்தல்' என்று பத்திரிகைகள் எழுதுவது ஜனாதிபதி பதவிக்காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தலை, அதுவும் நவம்பரில் பொதுநாளில்தான் நடக்கிறது. 'சுழற்சியற்ற தேர்தல்', 'சுழற்சிக்கு வெளியேயான தேர்தல்' இரண்டும் எந்திரம் பெயர்த்த மாதிரி இருக்கின்றன, அதோடு பொருளும் பிழை. ஏப்ரல் தேர்தலுக்குச் சுழற்சி உண்டு, வருஷம் தவறாமல் வரும். நவம்பர்ச் சுற்றோடு சேரவில்லை, அவ்வளவுதான்.

'முறை' என்ற சொல்லை வைத்துச் செய்யலாமா என்று ஆசைப்பட்டேன். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவோமே, அந்த முறை. திரும்ப வருவதும் ஒழுங்கும் நியாயமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆனால் 'முறை தவறிய தேர்தல்' என்று சொன்னால் கேட்கிறவர் கள்ள ஓட்டு என்றுதான் நினைப்பார். 'பருவம் தப்பிய தேர்தல்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மழை தானாகத் தப்புகிறது, இதை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் சட்டம் போட்டுத் தள்ளி வைத்தார்கள். அந்தப் பொறுப்பைச் சொல் மறைக்கக்கூடாது.

கடைசியில் நான் எடுத்துக்கொண்டது தனிநாள் தேர்தல். இதற்கு எதிரானது பொதுநாள் தேர்தல். யாரும் அகராதி புரட்டவேண்டாம், எந்த நாளில் நடக்கிறது என்பதே சொல்லாக நிற்கிறது. 'நாள்' என்பதை விட்டுவிட்டுத் 'தனித்தேர்தல்' என்று சுருக்கவேண்டாம், தனித்தொகுதி என்ற சொல் நமக்கு வேறு பொருளில் ஊறிப்போயிருப்பதால் குழப்பம் வரும். அப்புறம், ஒற்றைப்படை ஆண்டில் நடக்கும் 'ஆஃப் இயர்' தேர்தலையும் சிலர் ஆஃப்-சைக்கிள் என்றே சொல்கிறார்கள், நான் இரண்டையும் பிரித்தே வைக்கிறேன். நியூ ஜெர்சியில் கவர்னர் தேர்தலே 2021, 2025 என்று ஒற்றைப்படை ஆண்டில்தான் வருகிறது, ஆனால் நவம்பர்ப் பொதுநாளில் வருகிறது. அதை 'ஒற்றை ஆண்டுத் தேர்தல்' என்று வைத்துக்கொண்டால் போதும்.

சொல்லைப் புழக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். நியூ ஜெர்சி 2012 ஜனவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது, பள்ளித் தேர்தலை ஏப்ரல் தனிநாளிலிருந்து நவம்பர்ப் பொதுநாளுக்கு மாற்றிக்கொள்ள ஊர்களுக்கு அனுமதி. பெரும்பாலான ஊர்கள் மாறிவிட்டன. கலிஃபோர்னியா 2015-ல் போட்ட சட்டம் இன்னும் கறாரானது. தனிநாள் தேர்தலில் வாக்குப்பதிவு, மாநிலப் பொதுத்தேர்தல்களில் அதே ஊரில் பதிவாகும் சராசரியைவிட 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பொதுநாளுக்கு மாறியே ஆகவேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் அதே 2015 மார்ச்சில் வாக்காளர்களே மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், இரண்டு தேதிகளுக்கும் இடையில் இருந்த இடைவெளியை அடைக்கப் பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கு ஒரே ஒரு தடவை ஐந்தரை வருஷப் பதவிக்காலம் கிடைத்தது. அந்த ஒப்புதலைக் கேட்ட தேர்தலுக்கு வந்தவர்களே சுமார் 10 சதவீதம்தான்.

இன்னும் தனிநாளிலேயே நிற்கும் ஊர்களில் நியூ ஜெர்சியின் நூவார்க் ஒன்று. ஏப்ரல் தேர்தலுக்கு அங்கே நூற்றில் ஐந்து பேர்கூட வருவதில்லை. 2025 ஏப்ரலில் 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கும் பள்ளி வாரியத்துக்கு ஓட்டுக் கொடுத்தார்கள், நல்ல காரியம், தேதியையும் மாற்றியிருக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2018 முதல் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், அங்கே கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். பொதுநாளில் நடப்பதால் அவர்களுக்குப் பள்ளி வாரியம் மட்டும் அச்சடித்த தனி வாக்குச்சீட்டு தருகிறார்கள், ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் பதிவு செய்யவேண்டும்.

பொதுநாளுக்கு மாறுவதை இந்தியாவில் பேசப்படும் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' விவாதத்தோடு முடிச்சுப் போடவேண்டாம். இங்கே ஒரு சட்டமன்றமும் கலைவதில்லை, தேர்தல் தேதியைத் தள்ளுவதுதான்.

எனக்கு ஒரு குறை உண்டு. நியூ ஜெர்சியில் நவம்பருக்கு மாறிய ஊர்களில், வரி உயர்வு 2 சதவீத வரம்புக்குள் இருந்தால் பட்ஜெட்டை மக்கள் ஓட்டுக்கு விடவேண்டியதில்லை. ஏப்ரலில் வெள்ளைக் கட்டங்களோடு கிடந்த அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவனுக்குப் பட்ஜெட் மீதும் ஒரு ஓட்டு இருந்தது, இப்போது இல்லை. தேதியை மாற்றியது சரி, ஆனால் அதற்கு ஈடாக அந்த ஓட்டை எடுத்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். "தனிநாளா? அன்னைக்கு லீவு உண்டா?" என்றார். இல்லைப்பா என்றேன். "அப்ப எப்படில வருவாங்க" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தார்.