இத்தாலியரை மணந்தவருக்கு இத்தாலியக் குடியுரிமை: யாருக்கு, எப்போது, எந்தக் காகிதங்களோடு

இத்தாலிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் கையோடு இத்தாலிய பாஸ்போர்ட்டும் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது பாதி உண்மை. 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தாலிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண் மணந்த அன்றே இத்தாலியப் பிரஜை ஆகிவிடுவார். இத்தாலியப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அது கிடையாது. 1983 ஏப்ரல் 27 முதல் அந்த ஏற்பாடு ஒழிந்தது. அதன் பிறகு மணந்தவர்கள், ஆணோ பெண்ணோ, விண்ணப்பம் போட்டுத்தான் குடியுரிமை வாங்க வேண்டும்.

இப்போது நடப்பில் இருப்பது 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டம். அதன் 5-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: கல்யாணத்துக்குப் பிறகு இத்தாலியில் சட்டப்படி 2 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், வெளிநாட்டில் வசிக்கும் ஜோடி என்றால் கல்யாணமாகி 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இருவருக்கும் பிறந்த குழந்தையோ, சேர்ந்து தத்தெடுத்த குழந்தையோ இருந்தால் இரண்டு கெடுவும் பாதியாகிவிடும், அதாவது 1 ஆண்டு அல்லது ஒன்றரை ஆண்டு. 2009-க்கு முன் இத்தாலியில் 6 மாதம் வசித்தாலே போதும் என்று இருந்தது. பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு அதுதான், இன்று அது செல்லாது.

‘வசிப்பது’ என்பதை அங்கே காகிதத்தில்தான் அளக்கிறார்கள். ஊரின் கொமூனே, அதாவது நகராட்சி, வைத்திருக்கும் குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கையில் சொஜோர்னோ, அதாவது இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி அட்டை, இருந்தும், வீடு மாறியபோது பதிவு விட்டுப்போயிருந்தால் அந்த இடைவெளி வம்பாகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு ஒரு கணக்கு. துணைவர் பிறப்பால் இத்தாலியர் இல்லை, கல்யாணத்துக்குப் பிறகுதான் குடியுரிமை பெற்றார் என்றால், 3 ஆண்டுகள் அவர் குடியுரிமை பெற்ற நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதோடு, இத்தாலியத் துணைவர் வெளிநாடு வாழ் இத்தாலியர் பதிவேடான ‘ஆய்ரே’யில் இருக்க வேண்டும். எந்த நாட்டில் நடந்த கல்யாணமானாலும் இத்தாலியில் உள்ள அவருடைய கொமூனேயில் பதிவாகியிருக்க வேண்டும். நம் ஊரில் ரிஜிஸ்டர் செய்துவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது. இத்தாலியின் ஏட்டில் ஏறாத கல்யாணத்தை வைத்துக் குடியுரிமை கேட்க முடியாது.

சிவில் யூனியனுக்கும் இதே விதிகள்தான். 2016 மே 20-இல் வந்த 76-ஆம் எண் சட்டம் ஒரே பாலினத்தவர் இணைந்து வாழ இந்தப் பதிவை உண்டாக்கியது, குடியுரிமையிலும் கணவன் மனைவிக்கு உள்ள உரிமையையே கொடுத்தது. வேறு நாட்டில் நடந்த ஒரே பாலினத் திருமணம் இத்தாலியில் சிவில் யூனியனாகப் பதிவாகும். ஆனால் ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதாகப் பதிவு செய்திருந்தால், அது எத்தனை ஆண்டு நீடித்தாலும் இந்த வழி திறக்காது.

இந்த வழியின் பெரிய பலம், இது உரிமை என்பதுதான். 10 ஆண்டு வசித்துவிட்டுக் குடியுரிமை கேட்பவர் கடைசி 3 ஆண்டு வருமானத்தைக் காட்ட வேண்டும்; எல்லாம் சரியாக இருந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். (அந்த 10 ஆண்டை 5 ஆக்கக் கேட்டு 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் போதிய பேர் ஓட்டுப் போட வராததால் அது தோற்றது.) கல்யாண வழியில் வருமானக் கணக்கு கிடையாது. நிபந்தனைகள் நிறைவேறினால் கொடுத்தாக வேண்டும். மறுக்கச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் சில மட்டுமே: நாட்டின் பாதுகாப்பு, அரசுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை, அதிகபட்சம் 3 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய, வேண்டுமென்றே செய்த குற்றத்தில் தண்டனை, அரசியல் சாராத குற்றத்துக்கு வெளிநாட்டு நீதிமன்றம் விதித்து, இத்தாலியும் ஏற்றுக்கொண்ட 1 ஆண்டுக்கு மேற்பட்ட சிறை. மூன்றாவது இடத்தில் கவனம் தேவை. உண்மையில் கிடைத்த தண்டனை எவ்வளவு என்று அவர்கள் பார்ப்பதில்லை, அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் உச்சத் தண்டனையைத்தான் பார்க்கிறார்கள். அபராதத்தோடு முடிந்த பழைய வழக்குகூட இப்படிக் குறுக்கே வரலாம். பழைய தண்டனையின் விளைவுகளை நீக்கும் ‘மறுவாழ்வு’ ஆணையை நீதிமன்றத்தில் வாங்கிவிட்டால் அந்தத் தடை நீங்கும். ஆகவே வழக்கு எதுவும் இருந்தால் முதலில் வக்கீல், அப்புறம் விண்ணப்பம்.

மொழித் தேர்வு 2018 டிசம்பர் முதல் கட்டாயம். இத்தாலிய மொழியில் பி1 நிலை, அதாவது அன்றாட வேலைகளைத் தானே பேசிச் சமாளிக்கும் அளவு தெரிந்திருக்க வேண்டும். பெருஜியா, சியெனா நகரங்களில் உள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகங்கள், ரோமா த்ரே பல்கலைக்கழகம், தாந்தே அலிகியேரி கழகம் ஆகியவை தரும் சான்றிதழ்கள் செல்லும். 2020 செப்டம்பரில் உருகுவே கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரெஸ் பெருஜியாவில் போய் உட்கார்ந்ததும் இதே பி1 தேர்வுக்குத்தான். அவரும் மனைவி வழியாகக் குடியுரிமை கேட்டவர். கேள்விகள் முன்கூட்டியே அவருக்குத் தெரிந்திருந்தன என்ற குற்றச்சாட்டில் விசாரணை கிளம்பியதில், தேர்வின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது.

புதிதாகக் குடியேறுபவர் இத்தாலிய அரசோடு செய்துகொள்ளும் ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நிறைவேற்றியவர்களுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால சொஜோர்னோ வைத்திருப்பவர்களுக்கும் சான்றிதழ் வேண்டாம். இத்தாலியரின் குடும்பத்தாருக்குக் கொடுக்கிற அட்டை இதில் சேராது. கல்யாணம் செய்து வந்தவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது அந்தக் குடும்ப அட்டையைத்தான் என்பதால், விலக்கு இருக்கிறதென்று நினைத்து மாட்டிக்கொள்வது எளிது. முதுமை, நோய், ஊனம் காரணமாக மொழி கற்கவே கடும் சிரமம் உள்ளவர்களிடமும் இதைக் கேட்பது அரசியலமைப்புக்கு முரண் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2025-இல் தன் 25-ஆம் எண் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

சரி, காகிதங்களுக்கு வருவோம். நம்மவர்கள் திணறுவது சட்டத்தில் இல்லை, இங்கேதான். வேண்டியவை இரண்டு: பிறந்த நாட்டின் பிறப்புச் சான்றிதழ்; பிறந்த நாட்டிலும், 14 வயதுக்குப் பிறகு வாழ்ந்த மற்ற நாடுகளிலும் வாங்கிய போலீஸ் சான்றிதழ். இரண்டும் இத்தாலிய மொழிபெயர்ப்போடு, முறைப்படி அத்தாட்சி பெற்று வர வேண்டும். இந்தியச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை, அதாவது வெளிநாட்டிலும் செல்லும் அத்தாட்சி. இலங்கையில் கிடைத்ததற்குக் கொழும்பில் வெளியுறவு அமைச்சு, அப்புறம் இத்தாலியத் தூதரகம். போலீஸ் சான்றிதழ் 6 மாதத்துக்குத்தான் செல்லும். மொழித் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இதை வாங்கி வைத்தால் காலாவதியாகி இரட்டைச் செலவு.

அடுத்தது பெயர். ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் ‘கவிதா’ என்று மட்டும் இருக்கிறது, தந்தை பெயர் சுந்தரம் தனிக் கட்டத்தில். பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் சுந்தரம். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்தபோது சுந்தரம் போய்க் கணவர் பெயர் வந்துவிட்டது. நமக்கு இது மூன்றும் ஒரே கவிதா. இத்தாலிய அலுவலருக்கு மூன்று பேர். இத்தாலியில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே ஆவணங்களில் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தையும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே நிரப்பச் சொல்கிறார்கள். ரோமிலோ மிலானிலோ உள்ள தன் நாட்டுத் தூதரகத்தில் ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்ற சான்று வாங்கி இணைப்பதுதான் வழி. முன்னெழுத்தை விரித்து எழுதியதில், பிறந்த ஊரின் எழுத்துக்கூட்டில் வேறுபாடு இருந்தாலும் அதே மருந்துதான். ஊரிலேயே திருத்திக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

விண்ணப்பம் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில். இத்தாலியில் இருப்பவர்கள் ‘ஸ்பித்’ எண்ணியல் அடையாளத்தோடோ மின்னணு அடையாள அட்டையோடோ நுழையலாம். கட்டணம் 250 யூரோ. இத்தாலியில் போடுபவர்களுக்கு 16 யூரோ முத்திரைத்தாளும் உண்டு. இத்தாலியில் வசிப்பவருக்கு ப்ரெஃபெத்தோ எனப்படும் மாகாண அரசுப் பிரதிநிதியும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு உள்துறை அமைச்சகமும் முடிவெடுக்கும். கெடு 24 மாதம், 36 வரை நீட்டலாம். மறுக்கப் போவதாக இருந்தால் முன்னறிவிப்பு வரும், பதில் சொல்ல 10 நாள். இணையதளப் பெட்டியை எட்டிப் பார்க்காமல் இருந்து இந்த 10 நாளைத் தவறவிடுவது போல வீண் நஷ்டம் வேறில்லை.

குடியுரிமை ஆணை பிறக்கும் வரை கல்யாணம் நிலைத்திருக்க வேண்டும். விவாகரத்து மட்டும் அல்ல, சட்டப்படி பிரிந்து வாழும் பதிவு இருந்தாலும் கிடையாது. துணைவர் இடையில் இறந்துபோனால்? முன்பு அதுவும் தடையாக இருந்தது. 2022-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 195-ஆம் எண் தீர்ப்பில் அதை நீக்கிவிட்டது.

ஆணை கைக்கு வந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் கொமூனேயில், வெளிநாட்டில் என்றால் தூதரகத்தில், குடியரசுக்கு விசுவாசமாக இருப்பதாகவும் அரசியலமைப்பையும் சட்டங்களையும் மதிப்பதாகவும் உறுதிமொழி எடுக்க வேண்டும். விட்டால் ஆணை செல்லாக் காசு. எடுத்த மறுநாள் முதல் குடியுரிமை. இத்தாலி 1992 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கையர்கள் தனியே விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வழி இருக்கிறது; உறுதிமொழி எடுக்கும் முன்பே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. முந்தைய கல்யாணத்தில் பிறந்த, 18 வயது ஆகாத பிள்ளைகள் உங்களோடு வாழ்ந்தால் அவர்களுக்கும் குடியுரிமை சேரும். ஆனால் 2025-இல் வந்த மாற்றப்படி அந்தப் பிள்ளை அப்போது இத்தாலியில் தொடர்ந்து 2 ஆண்டாவது சட்டப்படி வசித்திருக்க வேண்டும்.