காய்ச்சல் தொடங்கிய தேதி எங்கே?

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாதிரிகளில் மிகச் சிறியவை பச்சிளங் குழந்தைகளுடையவை. ஊதா மூடியிட்ட குழாயின் அடியில் அரை மில்லி இரத்தம் சேர்ந்திருந்தாலே, எடுத்த செவிலியரின் கைக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் வைப்பேன். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான எங்கள் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா உச்சத்தில் இருந்த 2025 ஏப்ரலில் அப்படியொரு குழாய் வந்தது. உடன் வந்த சீட்டில், அன்று காலை பிறந்த குழந்தை என்ற விவரமும் வேண்டிய பரிசோதனையும் எழுதப்பட்டிருந்தன. தாய்க்குக் காய்ச்சல் தொடங்கிய தேதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அந்தக் கட்டத்தைப் பலரும் அலுவலகச் சடங்காகவே நினைக்கிறார்கள். உண்மையில், எந்தப் பரிசோதனையைச் செய்வது, வரும் முடிவை எப்படிப் படிப்பது என்ற இரண்டையும் தீர்மானிப்பது அதுதான். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களில் வைரஸ் இரத்தத்தில் மிகுந்திருப்பதால், அதன் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை அப்போது நம்பகமானது. ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்து உடல் ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கத் தொடங்கும். ஒரு வாரத்துக்குப் பின் வைரஸ் இரத்தத்திலிருந்து மறைந்துவிட, ஐஜிஎம் மட்டும் சில மாதங்கள் தங்கியிருக்கும். ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்தாலும், பத்தாம் நாளில் பிசிஆர் பார்த்தாலும், நோய் இருக்கும்போதே ‘நெகட்டிவ்’ என்று வரக்கூடும். ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட நாட்களில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

நான் பிரசவ வார்டைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்தக் குடும்பமும் என்னைப் போலக் காரைக்காலிலிருந்து வந்தது என்பதால், குழந்தையின் பாட்டியிடம் கொடுத்தார்கள். “வருஷப் பொறப்புக்கு முந்தின ராத்திரி மேலெல்லாம் கொதிச்சுது தம்பி. வலி எடுக்குறதால வர்ற காய்ச்சல்னு நெனச்சோம்” என்றார். குழந்தை பிறந்தது சித்திரை முதல் நாள். காலிக் கட்டத்தில் 13 என்று எழுதி, தாயின் இரத்தத்தையும் அனுப்பச் சொன்னேன். தாய்க்குப் பாசிட்டிவ், குழந்தைக்கு நெகட்டிவ்.

குடும்பத்துக்கு நிம்மதி, எங்களுக்கு இல்லை. இந்தத் தீவில் 2005, 2006 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,66,000 பேரை, அதாவது மூவரில் ஒருவரைச் சிக்குன்குனியா தாக்கியபோதுதான், பிரசவ வேளையில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு அது தொற்றும் என்பதை இங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அறுவைப் பிரசவமும் அதைத் தடுக்கவில்லை. அப்படித் தொற்றிய குழந்தை நலமாகவே பிறக்கும். முதல் நாள் பிசிஆர் எதையும் காட்டாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் பால் குடிக்க மறுக்கும், காய்ச்சல் காணும், கைகால் வீங்கும், தொட்டாலே வீறிட்டு அழும். சிலருக்கு மூளையும் பாதிக்கப்படும். வீட்டுக்குக் கிளம்பவிருந்த அந்தக் குழந்தையை மருத்துவர் நிறுத்திவைத்தார். நான்காம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. இரண்டாவது குழாய் பாசிட்டிவ் ஆனது.

குழந்தையின் இரத்தத்தில் ஐஜிஜி என்னும் மற்றொரு வகை எதிர்ப்பொருள் இருக்கிறதே என்று சிலர் பதறுவார்கள். அது நஞ்சுக்கொடி வழியாக வந்த தாயின் எதிர்ப்பொருள்; மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். ஐஜிஎம் அப்படிக் கடந்து வராது என்பதால், அதைக் கண்டால் குழந்தைக்கே தொற்று ஏற்பட்டதாகக் கொள்கிறோம்.

சிக்குன்குனியாவைப் பரப்பும் அதே கொசுவால்தான் டெங்குவும் இங்கே பரவுகிறது. தொடக்கத்தில் இரண்டு காய்ச்சலையும் பிரித்தறிவது கடினம். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கொடுக்கக் கூடாது, இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும். மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். பெரியவர்கள் குடிக்கும் வேப்பிலைக் கஷாயத்தோடு எனக்குச் சண்டையில்லை. பச்சிளங் குழந்தையின் வாயில் அதை ஊற்றுவதோடுதான் சண்டை.

“மறுபடியும் ஏன் குத்துகிறீர்கள்?” என்று தாய்மார் கேட்பது நியாயமே. சில நேரம் தவறு எங்கள் தரப்பில்தான்: இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த பச்சை மூடிக் குழாயில் எடுத்துவிட்டால், அந்த ஹெப்பாரினே பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். மற்ற நேரங்களில், மேலே சொன்னதுபோல, முதல் குழாய் எடுத்த நாளில் கிருமி இன்னும் இரத்தத்தில் தலைகாட்டியிருக்காது.

பிரசவத்துக்கு முன்னும் பின்னுமான ஒரு வாரத்தில் தாய்க்கு லேசான காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்திருந்தால், யாரும் கேட்கும் வரை காத்திராமல் வார்டில் சொல்லிவிடுங்கள். தேதி நினைவில் இல்லையென்றால் கிழமையோ, கோயில் விசேஷமோ சொன்னால் போதும். கணக்குப் பார்த்து நாங்கள் எழுதிக்கொள்வோம்.