கடைசியாக யாரிடம் பேசினாய்?

"மேடம், தூக்க மாத்திரைக்கு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்களேன்." கெலுகோர் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

பினாங்கில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நான், தூக்கம் வரவில்லை என்று வருபவர்களிடம் முதலில் பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீட்டுப் படிவத்தைக் கொடுப்பேன். 1989-இல் வெளிவந்தது, கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றி 19 கேள்விகள். மொத்த மதிப்பெண் 21-இல் 5-ஐத் தாண்டினாலே தூக்கம் சரியில்லை. அவளுக்கு 13. படிவத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டேன்: "நேத்து படுக்கறதுக்கு முன்னால கடைசியா யார்கிட்டம்மா பேசினே? எப்படி முடிஞ்சது?"

கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள். இரவு 12.48-க்கு அவள் அனுப்பிய "சரி, விடு". பக்கத்தில் இரண்டு நீல டிக். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்றரை மணி வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

காதல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். நம்பிக்கையான துணை இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவதையும் பார்க்கிறேன். கெடுப்பது பெரும்பாலும் பேசும் நேரம். நம் பிள்ளைகளில் பலர் வீட்டுக்குத் தெரியாமல்தான் காதலிக்கிறார்கள். அம்மா தூங்கிய பிறகு, அறைத்தோழி போர்வையை இழுத்துக்கொண்ட பிறகு, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். இவளுடைய காதலன் இங்கிலாந்தில் படிக்கிறான். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே நள்ளிரவு ஒரு மணி. கொஞ்சலும் சண்டையும் அந்த நேரத்தில்தான்.

சண்டை போட்ட உடம்பு உடனே அடங்காது. பதிலுக்காகப் படுக்கையில் விழித்துக் கிடந்தே பழகினால், படுக்கை என்றாலே காத்திருக்கும் இடம் என்று மூளை பதிய வைத்துக்கொள்ளும். பிறகு சண்டை இல்லாத இரவிலும் கண் மூடாது. தூக்கம் கெட்ட மறுநாள் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், மறுபடி சண்டை.

அவளிடம் சொன்னது இதுதான்: இரவு 11 மணிக்கு மேல் சண்டையைத் தொடர்வதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மறுநாள் மாலை 6 மணிக்குப் பேசு, அவனுக்குக் காலை 10. போன் படுக்கையில் வேண்டாம், மேசையில் இருக்கட்டும். படுத்து 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார். கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் படு. காலையில் எழும் நேரம் மட்டும் மாறக்கூடாது. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

பிரிவுக்குப் பிறகு தூக்கமும் போய், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணமும் வந்தால் இந்த யோசனைகளோடு நிற்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அல்லது மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐ அழையுங்கள்.