கொலாஜ்: தமிழில் ஒட்டுப்படம்

காகிதம், துணி என்று பலதையும் வெட்டி ஒட்டிச் செய்கிற படத்தைக் கொலாஜ் என்கிறோம். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பசைதான். பிரெஞ்சில் பசைக்கு ‘கோல்’, ஒட்டுவதற்கு ‘கோலே’, ஒட்டும் வேலைக்கு ‘கோலாஜ்’. அதற்கும் முந்தைய வேர், கிரேக்கத்தில் பசையைக் குறிக்கும் ‘கொல்லா’. தோலுக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் பேசுகிற கொலாஜனும் இதே வேரில் வந்ததுதான். மாட்டுத்தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்துப் பசை காய்ச்சுவார்கள் இல்லையா, அதனால் ‘பசையைத் தருவது’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள்.

கலைக்கான பெயராக இது நிலைத்தது 1912-க்குப் பிறகு. அந்த ஆண்டு பிக்காசோ, நாற்காலியின் பிரம்புப் பின்னலை அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். சில மாதங்களில் அவருடைய ஓவிய நண்பர் பிராக், மரப்பலகை போல அச்சிட்ட சுவர்க்காகிதத்தை வெட்டி ஒட்டினார். ஆனால் வேலை பெயரைவிடப் பழையது. இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் 70 வயதைத் தாண்டிய பிறகு, 1770-களில் தொடங்கி, வண்ணக் காகிதத்தை இதழ் இதழாக நறுக்கிக் கறுப்புத் தாளில் ஒட்டி 900-க்கும் மேற்பட்ட பூக்களைச் செய்தார். இன்றும் அவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘படத்தொகுப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது சினிமா எடிட்டிங்குக்குப் போய்விட்ட சொல். ‘ஒட்டோவியம்’ இலக்கணப்படி சரி, அழகாகவும் இருக்கிறது, ஆனால் பேச்சில் வராது. எனக்கு ‘ஒட்டுப்படம்’தான் சரியாகப் படுகிறது, காரணம் அந்த ‘ஒட்டு’.

கிழிந்த பாவாடையில் வைத்துத் தைப்பது ஒட்டு. சொந்தபந்தத்தைச் சொல்லும்போது ஒட்டும் உறவும் என்கிறோம். குறளில் பகைவரை, மனம் பொருந்தாதவரை, ‘ஒட்டார்’ என்கிறார் வள்ளுவர். அப்புறம் ஒட்டுக்கன்று. இங்கே குன்னூர்ப் பக்கம் பீச் அடிமரத்தில் பிளம்ஸ் குச்சியைச் செருகிக் கட்டுவார்கள், இரண்டு பட்டையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் வேர் ஒன்றாகவும் பழம் வேறாகவும் அந்த மரம் நின்று காய்க்கும், கட்டின இடத்தில் மட்டும் ஒரு முடிச்சு கடைசிவரை தெரியும். கொலாஜ் என்ற சொல்லில் பசை மட்டும்தான் இருக்கிறது. ‘ஒட்டு’ என்னும்போது கிழிசலும் வருகிறது, உறவும் வருகிறது, அந்த முடிச்சும் வருகிறது. ஒட்டுப்போட்டது என்றால் ஏழ்மையின் அடையாளம், கலைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கு அதில் உடன்பாடில்லை, கிழிந்ததைத் தூக்கிப்போடாமல் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கிற வேலைதானே இது.

என் மேஜையில் இப்போது இருப்பதைச் சொல்கிறேன். அம்மா எங்கள் அரை ஏக்கர் தோட்டத்துத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போட்டபோது வாங்கிவந்த எடைச்சீட்டு ஒன்று, உள்ளங்கை அகலம், கார்பன் தாளில் பதிந்த ஊதா எழுத்து. 23 கிலோ என்று எழுதி, அதன் கீழே ஈரத்துக்கு என்று 2 கிலோ கழித்திருக்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டே கிள்ளிய இலை, ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும் என்று அம்மா ராத்திரி அடுப்படியில் முணுமுணுத்தது எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தச் சீட்டை ஒட்டுவதற்கு அடியில் கறுப்புக் காகிதம் தேடினேன். ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்தில் மாமா கொண்டுவந்து வைத்த போட்டோ பேப்பர் உறை கிடைத்தது. வெளிச்சம் புகாத கறுப்பு. ஊதா எழுத்து அதன்மேல் எழுந்து நிற்கிறது.

இப்படிக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்வதைக் ‘கண்டெடுத்த காகிதம்’ என்றே சொல்லலாம், ‘கண்டெடுத்த’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காகிதத்தோடு துணி, நூல், சாயம், தேயிலைக்கறை எல்லாம் சேரும்போது ‘கலப்பு ஊடகம்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஊடகம் என்றால் இன்று டிவியும் பத்திரிகையும்தான் நினைவுக்கு வரும். ‘பல்பொருள் ஓவியம்’ போதும்.

பசையைப் பற்றி ஒன்று, மலையில் இருப்பவர்களுக்கு. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சும்போது துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுங்கள், பைண்டிங் செய்பவர்களின் பழைய வழக்கம் அது, பூச்சி வராது. துத்தம் விஷம் என்பதால் அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது. நவம்பர் மழையில் ஒட்டிய படம் நாலு நாளானாலும் காயாது, அவசரப்பட்டுச் சட்டம் போட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நான் பழைய செய்தித்தாள் நடுவே வைத்து அம்மிக்கல்லை ஏற்றிவிட்டு, தினமும் தாளை மட்டும் மாற்றுகிறேன். எடைச்சீட்டுப் படம் இன்றைக்கு மூன்றாவது நாளாக அம்மிக்கு அடியில் இருக்கிறது.