ஏழெழுபது முறை என்று சொல்லி அனுப்பாதீர்கள்

என்னிடம் ஆலோசனைக்குத் திங்கட்கிழமை வருபவர்கள் தனி ரகம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் யாரிடமாவது அழுதிருப்பார்கள். அங்கே கேட்ட மன்னிப்பு வசனத்தோடு வீட்டுக்குப் போய், அன்றிரவும் கணவரிடம் அடி வாங்கியிருப்பார்கள். சென்ற மாதம் வந்த பெண்ணும் அப்படித்தான். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) சிங்கப்பூர் வெயிலில் முழுக்கைச் சட்டை. "நான் மன்னிச்சிட்டேன் அக்கா, ஆனா பயமா இருக்கு" என்றார்.

அந்த 'ஆனா'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சபை மூப்பர் ஒருவர் அவருக்கு மத்தேயு 18:22ஐக் காட்டி, ஏழெழுபது முறை மன்னிக்கச் சொல்லியிருக்கிறார். சரி, அதே அதிகாரத்தில் ஏழு வசனம் மேலே போய்ப் பாருங்கள். தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால் சபையில் சொல் என்றிருக்கிறது. லூக்கா 17:3இல் 'கடிந்துகொள்' முதலில் வருகிறது, 'மன்னிப்பாயாக' அப்புறம்தான். நடுவே 'மனஸ்தாபப்பட்டால்' என்று ஒரு சொல். அடி வாங்கியவளுக்கு இந்த வசனங்களை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அடித்தவனுக்கு எதையுமே வாசித்துக் காட்டுவதில்லை.

மன்னித்துவிட்டால் புகார் கொடுக்கக் கூடாது என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியவில்லை. ஒருவர் உங்களிடம் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்துவிட்டீர்கள். அதற்காக அவர் கையில் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுப்பீர்களா? பைபிளில் எகிப்தின் அதிகாரியாக உயர்ந்த யோசேப்பைப் பாருங்கள். தன்னை விற்ற அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் வாங்க வந்து நின்றபோது தனியாகப் போய் அழுதான், மனம் உருகியிருந்தது. ஆனாலும் தான் யாரென்று சொல்லவில்லை. துபாஷியை (மொழிபெயர்ப்பாளரை) வைத்துப் பேசினான், அவர்களில் சிமியோனைப் பிடித்து வைத்தான். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வந்த பிறகுதான் வாயைத் திறந்தான். இவர்கள் மாறிவிட்டார்களா என்று பார்க்க அவனுக்கு அவகாசம் தேவைப்பட்டது. அதை யாரும் மன்னிக்காத குணம் என்று சொல்வதில்லை.

குடும்ப மானம் என்று வாயை மூடினால் என்ன நடக்கும் என்பது 2 சாமுவேல் 13இல் இருக்கிறது. தாவீது ராஜாவின் மகள் தாமாரை, வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் கெடுத்தான். அவன் உன் சகோதரன், நீ சும்மாயிரு என்றான் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம். தாவீது ராஜாவுக்கு வெகு கோபம், அவ்வளவுதான். மகனை எதுவும் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொன்றான். தாமாருக்கு அதனால் என்ன நியாயம் கிடைத்தது?

விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா என்று 1 கொரிந்தியர் 6ஐ நீட்டுகிறார்கள். அங்கே அப்போஸ்தலன் பவுல் பேசுவது சபையார் தங்களுக்குள் போட்டுக்கொண்ட அற்ப வழக்குகளைப் பற்றி. அதே பவுல், பிலிப்பியில் விசாரணையில்லாமல் தன்னை அடித்த அதிகாரிகளை நேரில் வந்து விடுதலை செய்யச் சொன்னார். பிறகு தன் வழக்கை ரோமப் பேரரசனான இராயனே விசாரிக்க வேண்டும் என்று அபயமிட்டார்.

தனிநபர் பாதுகாப்பு ஆணை, எல்லோரும் பிபிஓ என்கிறோமே, அது விவாகரத்து அல்ல. அதை வாங்கியதாலேயே கணவர் ஜெயிலுக்கும் போகமாட்டார். இனி கை வைக்காதே என்று குடும்ப நீதிமன்றம் போடும் உத்தரவு. அந்த உத்தரவை மீறினால் அது குற்றம். இந்த ஆணைக்கு அடிப்படையான சிங்கப்பூர்ச் சட்டம் மாதர் சாசனம்; அதில் செய்த திருத்தம் 2025 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. மனத்தளவில் வதைப்பதும் குடும்ப வன்முறையே என்பது அதில் தெளிவாக இருக்கிறது. 18 வயதானவர் தானே விண்ணப்பிக்கலாம். மாமியார் மாமனார் மீதும் கேட்கலாம்.

போதகர்களே, மூப்பர்களே, கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்துச் சமரசம் பேசாதீர்கள். எங்கள் தொழிலிலேயே அதைத் தவிர்க்கிறோம். அவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் உண்மையைச் சொல்லமாட்டாள். சொன்னால் அதற்கான கூலி வீட்டில் கிடைக்கும். அவளைத் தனியாகப் பாருங்கள். "நீ என்ன செஞ்சே?" என்று தொடங்காதீர்கள். "இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனா பயமில்லாம தூங்க முடியுமா?" என்று கேளுங்கள்.

சகோதரிகளே, காயம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், எப்படிப் பட்டது என்று உள்ளபடி சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் கதையை எழுதிக்கொண்டுபோனால் பின்னால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சிங்கப்பூரில் தங்கும் அனுமதியான பாஸைக் கணவர் ரத்து செய்துவிடுவார் என்று இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது, அதனாலேயே தனியாக முடிவெடுக்காமல் முதலில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் பேசுங்கள். வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் போலீசுக்கு 999.

என் பெரியம்மாவுக்கும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. பெரியப்பாவை நான் மன்னித்தது அவர் இறந்து பல வருஷம் கழித்து. சொன்னவர்களை இன்னும் முழுசாக மன்னிக்க முடியவில்லை, அதற்கு ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் பிபிஓ விண்ணப்பப் படிவத்தை நிரப்பி முடித்ததும், "அவருக்காக ஜெபம் பண்ணலாமாக்கா?" என்று கேட்டார். தாராளமாகப் பண்ணுங்கள் என்றேன். வியாழக்கிழமை காலை விசாரணை. கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.