ஒப்பந்தம் அப்புறம், முதலில் ஷாப் ஃப்ளோர்

பொறியியல் கல்லூரிகளில், தொழில் நிறுவனங்களோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்குப் பஞ்சமே இல்லை. பொன்னாடை, போட்டோ, கோப்பில் ஒரு நகல். ஆய்வுக் குழு வரும்போது அந்தக் கோப்பு வெளியே வரும். அந்த ஒப்பந்தத்தின் பேரில் ஒரு மாணவராவது கம்பெனி வாசலைத் தாண்டினாரா என்று கேட்டால் பல துறைகளில் பதில் இருக்காது. கோவையில் சிறு, நடுத்தர நிறுவனங்களோடு வேலை செய்துவரும் இயந்திரவியல் பேராசிரியர் என்ற முறையில் சொல்கிறேன்: ஒப்பந்தம் கடைசியில் வரட்டும். ஷாப் ஃப்ளோரில், அதாவது உற்பத்தி நடக்கும் இடத்தில், நிறுவனத்துக்குத் தினமும் காசு கரையும் ஒரு கோளாறை முதலில் தேடிப் பிடியுங்கள்.

ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) பம்ப் கேஸிங், அதாவது பம்பின் வெளிக்கூட்டு வார்ப்புகள் தண்ணீர் அழுத்தச் சோதனையில் கசிந்துகொண்டிருந்தன. உலோகக் கலவையில்தான் ஏதோ குறை என்று அவர்கள் நம்பினார்கள். எங்கள் எம்.இ. மாணவர், ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு வார்ப்பும் எந்த நேரத்தில் ஊற்றியது என்று குறித்தார். பக்கத்திலேயே மணலின் சூட்டையும் ஈரப்பதத்தையும் எழுதினார். மதியத்துக்கு மேல் ஊற்றியவைதான் அதிகம் கசிந்தன. கிரீன் சாண்ட் எனும் ஈரமான அச்சு மணல் ஒன்றே திரும்பத் திரும்பச் சுற்றுவதால் ஆறாமலே அச்சுக்குப் போகிறது. சூடான மணலிலிருந்து எழும் ஆவி, குளிர்ந்த பேட்டர்னிலும் (அச்சுக்கு வடிவம் தரும் மாதிரி) கோரிலும் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கு வைக்கும் கரு) ஈரமாகப் படிகிறது. உருகிய இரும்பு பட்டதும் அந்த ஈரம் வாயுவாகி வார்ப்புக்குள் துளை விடுகிறது. இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் நேரத்தையும் கசிவையும் சேர்த்து எழுதிப் பார்க்க அங்கே யாருக்கும் ஓய்வில்லை.

மணலை ஆறவைக்க வழி செய்ததும் ரிஜெக்‌ஷன் குறைந்தது. அதற்கப்புறம் முதலாளியே கேட்டார்: "மணல் சூட்டைப் பார்த்து அதுவே தண்ணி சேர்க்கிற மாதிரி ஒரு செட்டப் பண்ண முடியுமாங்க சார்?" உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி அதுதான். முதல் நாளே நாங்கள் ஒரு திட்ட அறிக்கையோடு போயிருந்தால் அது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

யாரைப் பார்ப்பது என்பதும் முக்கியம். கையெழுத்துப் போடுபவர் நிர்வாக இயக்குநராக இருக்கலாம். கோளாறு எங்கே என்று தெரிந்தவர் குவாலிட்டி இன்சார்ஜ். அவருக்கு நம்மீது நம்பிக்கை வராவிட்டால் தரவு கைக்கு வராது.

அடுத்தது, உறவு பெரும்பாலும் முறிகிற இடம்: கட்டுரையா, காப்புரிமையா? நமக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், ஆய்வு மாணவருக்குப் பட்டம் வேண்டும். நிறுவனத்துக்கு ரகசியம் வேண்டும். இதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் விஷயத்தை வெளியிட்டால் அதன் புதுமை போய்விடும். மாநாட்டு உரை, போஸ்டர், இணையத்தில் ஏற்றிய ஆய்வேடு எல்லாமே வெளியீடுதான். சட்டத்தில் சில விலக்குகள் உண்டு என்றாலும் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி முதலில் கண்டுபிடிப்பை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். தாக்கல் செய்த மறுநாளே கட்டுரையை அனுப்புவதற்குச் சட்டத்தில் தடையில்லை. இதை நிறுவனத்திடம் விளக்கினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எந்த எண்களை மறைப்பது, கைப்பிரதியை எத்தனை நாளுக்குள் அவர்கள் பார்த்துத் தருவது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

காலக்கணக்கும் இடிக்கும். நமக்கு செமஸ்டர், அவர்களுக்கு மாதக் கடைசி டிஸ்பேட்ச். இரண்டு மூன்று மாதத்தில் கையில் கொடுக்கக்கூடிய சின்ன வேலையாக முதலில் எடுப்பதே நல்லது.

எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டிய அவசியமும் இல்லை. ஜவுளித் துறைக்கு 1956 முதல் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) கோவையில் இருக்கிறது. பம்ப் சோதனைக்கு சிடார்க் என்ற சோதனை, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் எடுக்கும் நிறுவனங்கள், ஐஐடியோடு கூட்டு ஆய்வு, மாணவர் பயிற்சி என்று ஈடுபட்டு, கிரெடிட் எனும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். இடத்தையும் உறவையும் இப்படிப் பிணைத்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. புதுத் தொழில்களை வளர்த்துவிடும் நம் ஊர்க் கல்லூரி இன்குபேஷன் மையங்களும் இதைச் செய்யலாம்.

பணத்தைப் பேசக் கூச்சப்படாதீர்கள். இலவசமாகச் செய்தால் உங்கள் அறிக்கையைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் இருக்காது. சோதனைக் கட்டணம், மாணவர் உதவித்தொகை, கல்லூரியின் பங்கு எல்லாவற்றையும் மதிப்பீட்டிலேயே காட்டுங்கள். ஆலோசனைப் பணிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைத் தனி வரியாகப் போட்டு, பில் யார் பெயரில் போகும் என்பதைக் கல்லூரி அக்கவுண்ட்ஸ் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.